ஒரே படம் நான்கு முறை

பதினோராவது நிமிடத்தில் படம் நின்றுபோனது.

நில்சா திரையையே வெறித்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீருக்குள் ஒரு சின்ன இறக்கை விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைத் திரையில் மட்டும் அது பாதிச் சுற்றில் உறைந்துபோய்க் கிடந்தது.

காலை மணி ஆறரை. பத்து மணிக்கு மாநிலச் சுகாதாரத் துறை மெஷின்களுக்கு வைக்கிற தேர்வு. இருபது நிமிடம் நிற்காமல் ஓடியாக வேண்டும்.

"இன்னிக்குமா உன் புத்தியைக் காட்டணும்?" என்றாள் மெஷினைப் பார்த்து.

சமையல் மேசைமேல் இருந்த அந்த மெஷின் செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். பச்சைக் குழந்தைகளின் இதயத்தை ஒலியலையால் பார்த்து, யுஎஸ்பி கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் படம் அனுப்பும். மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று அந்தப் படங்களை வாங்கிக் கொடுக்கிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். பதினோரு மாதமாக நில்சாவின் சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் அந்த டிரைவரோடுதான்.

அதற்கு முன்பு இதே வேலையை அவள் அப்பா அனீசியோ தொடங்கிய கம்பெனியில் செய்துகொண்டிருந்தாள். அப்பா இறந்ததும் அவர் நாற்காலியில் அண்ணன் எவரால்டோ உட்கார்ந்தான். அங்கே ஓடிக்கொண்டிருந்த டிரைவர் படு மந்தம். "மூணு மாசம் குடு அண்ணா, அடியிலேர்ந்து மாத்தி எழுதிடறேன்" என்று நில்சா கேட்டாள். "இருக்கறது போதும், அனுப்பு" என்றான் அவன். அந்த வருடத் தேர்வில் மெஷின் தோற்றது.

மறுநாள் பாகங்களைப் பொருத்தும் கூடத்தில் நாற்பது தொழிலாளர்களையும் வரிசையாக நிற்கவைத்தான். தானே எழுதி எடுத்துவந்த மன்னிப்புக் கடிதத்தைத் தங்கை கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னான். 'என் திறமைக் குறைவால்' என்று தொடங்கியது அது. நில்சா படித்தாள். கூடத்துச் சுவரில் அப்பாவின் படம் மாட்டியிருந்தது. அதன் கீழே கூச்சல் போட மனமில்லாமல் படித்தாள். படித்து முடித்ததும் அவளது அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டினான்.

சாந்தா ரீட்டா சின்ன ஊர். மேட்டில் காப்பித் தோட்டம், பள்ளத்தில் எலக்ட்ரானிக்ஸ் பட்டறைகள். மதியச் சாப்பாட்டுக்குள் அத்தனை பட்டறைக்கும் சேதி போய்விட்டது. யாரும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. ஏழு மாதம் மிக்ஸியும் ஒலிபெருக்கியும் பழுது பார்த்தாள். மிச்ச நேரத்தில், யாருக்கு என்று தெரியாமலே, அண்ணன் எழுத விடாத அந்த டிரைவரை எழுதினாள். எவரால்டோவின் பரம எதிரியான பட்டறைக்காரர் ஒட்டோனியெல் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டியது நான்கு மாதத்துக்கு முன்புதான்.

"உங்க அண்ணனைத் தோற்கடிக்கணும். முடியுமா?" என்று கேட்டார்.

"தோற்கடிச்சா மட்டும் போதுமா உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டாள் நில்சா.

இப்போது அந்த டிரைவர் பதினோரு நிமிடத்தில் மூச்சு நின்று கிடக்கிறது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு, டிரைவர் தானே எழுதிக்கொள்ளும் பதிவேட்டை மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பழைய டிரைவர் ஒரே லாரியை வைத்துக்கொண்டு காப்பி மூட்டை ஏற்றுவது போன்றது. அது போய்த் திரும்பும்வரை தோட்டத்தில் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நில்சா பதினாறு லாரிகளை வரிசையில் விட்டிருந்தாள். பதினாறு கோரிக்கைகள் எப்போதும் மெஷினிடம் தயாராக இருக்கும். ஒன்று நிரம்பி வந்ததும் இறக்கிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கும். கேபிள் ஒரு கணமும் சும்மா இருக்காது. வந்த தகவலை அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று நகலெடுக்கிற வேலையும் கிடையாது. படம் காட்டும் மென்பொருள் படிக்கிற இடத்திலேயே நேராக வந்து இறங்கும். நொடிக்கு நாற்பது மெகாபைட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது முந்நூற்று இருபதைத் தொட்டது. பத்துப் படம் வந்த ஒரு நொடியில் எண்பது படம்.

எத்தனை கோரிக்கைகள் வரிசையில் இருக்கின்றன என்று ஒவ்வொரு நொடியும் பதிவேட்டில் எழுத வைத்தாள். ஓடவிட்டாள்.

பதினாறு. பதினாறு. ஒரு நிமிடம் தாண்டியதும் பதினைந்து. அப்புறம் பதினான்கு.

"அட, இதுதானா நீ!"

எப்போதோ ஒரு முறை ஏதோ ஒரு கோரிக்கை பிழையோடு திரும்பி வருகிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி வரிசையில் சேர்க்க அவள் மறந்திருக்கிறாள். பஞ்சரான லாரியைக் கொட்டகையில் விட்டுவிட்டது போல. ஒவ்வொன்றாகக் குறைந்து, பதினோரு நிமிடத்தில் ஒரு லாரிகூட மிச்சமில்லை.

மூன்றே வரி சேர்த்தாள். மறுபடி ஓடவிட்டுவிட்டு எழுந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. அந்தக் காரின் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"கதவு திறந்துதான் இருக்கு அண்ணி."

எவரால்டோவின் மனைவி கிளெய்டி கையில் ஒரு தகர டப்பாவோடு உள்ளே வந்தாள். டப்பாவைத் திறந்ததும் அப்போதுதான் சுட்ட சீஸ் ரொட்டி உருண்டைகளின் வாசனை அறையெல்லாம் பரவியது.

"சாப்பிட்டியா?"

"வேலையா இருக்கேன்."

"கையாலதானே வேலை? வாயால சாப்பிடு."

நில்சா ஒன்றை எடுத்துக் கடித்தாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டுச் சமையல். சுவையாக இருந்ததே எரிச்சலாக இருந்தது.

"தாயிஸுக்குப் பொண்ணு பொறந்து ஆறு நாளாச்சு," என்றாள் கிளெய்டி, தன் மகளைப் பற்றி. "அத்தைக்காரி ஒரு எட்டு வந்து பார்க்கலை."

"வாசல்ல விடுவானா உங்க வீட்டுக்காரன்?"

"அந்த வாசல்ல நானும்தான் நிக்கறேன், தெரியுமில்லே? மூணு கிலோ எடை. அப்படியே உன் மூக்கு."

"பாவம்."

கிளெய்டி சிரித்தாள். உடனே கண் கலங்கியது. "ஞானஸ்நானத்துக்குத் தாயிஸ் உன்னைத்தான் ஞானத்தாயா கேக்கறா நில்சா. வேற யாரும் வேணாமாம்."

நில்சா பதிவேட்டைப் பார்த்தாள். பதினாறு. பதினாறு. பதினாறு.

"அவன்தானே அனுப்பினான்?"

"ஆமா," என்று ஒத்துக்கொண்டாள் கிளெய்டி. "இன்னிக்குத் தேர்வுக்குப் போகாதே. நாளைக்கே திரும்பி வந்துடு. கம்பெனி வாசல்ல உன் பேரையும் போடறேங்கறார்."

"அந்த நாப்பது பேரையும் திரும்ப நிக்க வெச்சு, அவன் ஒரு கடிதம் படிப்பானா?"

கிளெய்டி டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவர் உன் அண்ணன்டி."

"அன்னிக்கும் அண்ணன்தான் அண்ணி."

கிளெய்டி எழுந்தாள். வாசற்படியில் நின்று, "இன்னிக்கு என்ன பண்ணப்போறே?" என்று கேட்டாள்.

"ஜெயிக்கப்போறேன்."

"அவ்வளவுதானா?"

நில்சா மெஷின் பக்கம் திரும்பினாள். சற்று நேரத்தில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவ்வளவுதானா என்றால், இல்லை.

ஒன்பது நாளைக்கு முன்பு, மலைமேலிருந்த ஒரு சுகாதார நிலையத்து நர்ஸ் எவுனீசி தன் மடிக்கணினியைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தாள். ஒலி வரவில்லை என்றாள். அதில் எவரால்டோவின் புது மெஷினுக்கான மென்பொருள் இருந்தது. இரண்டு மெஷின்களை அவன் முன்னோட்டமாக வெளியே கொடுத்திருந்தான். நொடிக்கு எண்பது படம் என்று திரையின் மூலையில் எழுதியிருந்தது.

எண்பதா? அந்த மந்த டிரைவரை வைத்துக்கொண்டா?

ஒலியைச் சரிசெய்த பிறகு, நர்ஸ் சேமித்து வைத்திருந்த ஒரு பதிவைத் திறந்து, படம் படமாக நகர்த்தினாள் நில்சா. முதல் படம். இரண்டாவது அதே படம். மூன்றாவது அதே. நான்காவதும் அதே. ஐந்தாவதுதான் புதுசு. எவரால்டோ புதிதாக எடுத்த ஆட்கள் டிரைவரை இழுத்துப் பிடித்து நொடிக்கு இருபது படம்வரை கொண்டுவந்திருந்தார்கள். அதற்குமேல் முடியவில்லை. அதனால் ஒவ்வொரு படத்தையும் நான்கு முறை காட்டி எண்பது என்று எழுதிவிட்டார்கள்.

"இதுல குழந்தைங்களைப் பார்க்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"இல்லம்மா. எங்களுக்குப் பயிற்சிதான் நடக்குது. அடுத்த மாசம்தான்."

அந்தப் பதில் நில்சாவுக்குப் போதுமாக இருந்தது. அடுத்த மாதம் என்றால் அதற்குள் தேர்வு வந்துவிடும். இப்போதே சுகாதாரத் துறைக்கு ஒரு போன் போட்டால், எவரால்டோ ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது மாற்றிவிட்டு, தெரியாமல் நடந்த பிழை என்று சொல்லித் தப்பித்துவிடுவான். கூடம் நிறைய ஆள் இருக்கும்போது, அவன் மார்தட்டி முடித்த பிறகு, அவன் வாயாலேயே அது வெளியே வரவேண்டும்.

ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் அவள் நன்றாகத் தூங்கினாள்.

தேர்வுக் கூடத்தில் அறுபது பேராவது இருந்தார்கள். ஊர்ப் பட்டறைக்காரர்கள், சுகாதாரத் துறை ஆட்கள், பக்கத்து ஊர் மருத்துவர்கள். மாநிலம் முழுக்க உள்ள மலைக் கிராமச் சுகாதார நிலையங்களுக்கு எந்த மெஷின் போகும் என்று முடிவெடுக்கப்போகிறவர் குழந்தைகள் இதய மருத்துவர் ஜுசாரா. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். யார் காப்பி நீட்டினாலும் வேண்டாம் என்றார்.

ஒட்டோனியெல் பல்குச்சியைக் கடித்துக்கொண்டே நில்சாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நிக்காதேல்ல?"

"நிக்காது சார்."

"அம்மா மேல சத்தியமா?"

"உங்க அம்மா மேலயா, எங்க அம்மா மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்."

எவரால்டோ வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று வந்தான். பின்னாலேயே கிளெய்டி. தங்கையைத் தாண்டும்போது நடையைக் குறைத்தான்.

"மிக்ஸி ரிப்பேர்க்காரங்களுக்கும் இங்க நாற்காலி போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க எவரால்டோ. உன் வீட்டு மிக்ஸியும் அனுப்பு, பார்த்துத் தரேன்."

அண்ணா என்று அவள் சொல்லவில்லை. அது அவனுக்கு உறைத்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

முதலில் எவரால்டோவின் மெஷின். நடுமேசையில் பெரிய தண்ணீர்த் தொட்டி. அதற்குள், இதயத்துக்குப் பதிலாக, நொடிக்குப் பத்துச் சுற்றுச் சுற்றும் இறக்கை. திரையில் படம் ஓடியது. மூலையில் எண்பது. இருபது நிமிடமும் நிற்கவில்லை, திக்கவில்லை. கூடம் கைதட்டியது.

எவரால்டோ எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தான். இந்த மெஷினை அப்பா கனவு கண்டார் என்று தொடங்கினான். நில்சா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேசு, நல்லாப் பேசு.

"ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துடறேன்," என்றான் எவரால்டோ. "விக்கிறதுக்காகப் பேசறேன்னு நெனைக்காதீங்க. இந்த மெஷின் முதன்முதல்ல பார்த்தது யார் இதயத்தைத் தெரியுமா? என் பேத்தியோடது. பொறந்து மறுநாளே எங்க செயல்விளக்க அறைக்குக் கொண்டாந்து, டெக்னீஷியனை வெச்சுப் பார்த்தோம். எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. என் குடும்பத்தையே நம்பி ஒப்படைச்ச மெஷின் இது."

இன்னும் பெரிய கைதட்டல்.

நில்சா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் ஒட்டோனியெல்.

"ஒண்ணுமில்லை சார்."

அப்போதே எழுந்திருக்கலாம். எழுந்து, டாக்டர், ஒரு நிமிடம் என்று சொல்லியிருக்கலாம். இன்னும் இருபது நிமிடம்தானே, தன் மெஷின் ஓடி முடியட்டும் என்று நினைத்தாள். பதினோரு மாதம் காத்த காரியத்தை இருபது நிமிடத்துக்காகக் கெடுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

அவள் மெஷின் ஓடியது. பத்தாவது நிமிடம். பதினோராவது. ஒட்டோனியெல் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். பன்னிரண்டாவது நிமிடம் கடந்ததும் பல்குச்சியைக் கீழே போட்டார். இருபதாவது நிமிடத்தில் திரையில் எண்பது படம், வரிசையில் பதினாறு.

"ரெண்டும் சமம்," என்றார் டாக்டர் ஜுசாரா, எதையோ குறித்தபடி. "அப்ப மத்த விஷயங்களை வெச்சுத்தான்..."

"சமம் இல்லை டாக்டர்." நில்சா எழுந்துவிட்டாள். "ரெண்டு மெஷின் படத்தையும் பதிவு பண்ணியிருக்கீங்க. ஓடவிடாம, ஒவ்வொரு படமா நகர்த்திப் பாருங்க."

எவரால்டோ துள்ளி எழுந்தான். "விதிமுறையில அப்படி ஒண்ணும் இல்லை!"

"நான் படம் பார்க்கறதுக்கு விதிமுறை எதுக்குங்க?" என்றார் டாக்டர்.

முதலில் ஒட்டோனியெல்லின் மெஷின் பதிவு. டாக்டர் பொத்தானை அழுத்த அழுத்த, இறக்கை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்தது. எட்டு அழுத்தலில் ஒரு முழுச் சுற்று.

அடுத்து எவரால்டோவின் பதிவு. டாக்டர் அழுத்தினார். இறக்கை மேலே நின்றது. அழுத்தினார். மேலேயே நின்றது. மறுபடி. மறுபடி. ஐந்தாவது அழுத்தலில் இறக்கை திடீரென்று கீழே இருந்தது.

"மெஷின்ல கோளாறா?" என்று யாரோ கேட்டார்கள்.

டாக்டர் திரையை நெருங்கிக் குனிந்தார். இருபது முறை, முப்பது முறை அழுத்தினார். கூடம் முழுவதும் அந்தப் பொத்தானின் சத்தம் மட்டும் கேட்டது.

"நாலுல ஒண்ணுதான் நிஜப் படம்," என்றார் கடைசியில். "மிஸ்டர் எவரால்டோ, இது உங்களுக்குத் தெரியுமா?"

"படம் கண்ணுக்கு நிக்காம ஓடணும்னு... எல்லாரும் செய்யறதுதான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது டாக்டர்."

"கண்ணுக்குத் தெரியாது. அதுதான் பிரச்சினை." டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "பச்சைக் குழந்தையோட இதயம் நிமிஷத்துக்கு நூத்தைம்பது தடவை அடிக்கும். வால்வு எவ்வளவு திறக்குது, எப்ப மூடுதுன்னு பார்க்க எனக்குக் கிடைக்கறது ஒரு இமைக்கிற நேரம். அந்த நேரத்துல உங்க மெஷின் பழைய படத்தையே காட்டிக்கிட்டு நிக்குது. வெளியே குடுத்த ரெண்டு மெஷினையும் இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள திரும்ப எடுத்துட்டு வாங்க."

நில்சா பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு அண்ணன் எதிரே போய் நின்றாள். மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்த தாள்.

"நீ எழுதினதுதான். என் பேரை அடிச்சுட்டு உன் பேர் போட்டிருக்கேன். படி. 'என் திறமைக் குறைவால்'னு ஆரம்பிக்கும். அன்னிக்கு நாப்பது பேர். இன்னிக்கு அறுபது இருக்கும். சத்தமாப் படி."

இந்த ஒரு நிமிடத்தை அவள் எத்தனையோ முறை மனத்துக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். சில முறை எவரால்டோ அழுதான். சில முறை கத்தினான். ஒரு முறைகூட அவன் இப்படிச் செய்ததில்லை. அவன் தாளைப் பார்க்கவேயில்லை. திரும்பித் தன் மனைவியைப் பார்த்தான்.

கிளெய்டி ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தாள். போன் காதில் இருந்தது.

"தாயிஸ், குழந்தையைத் தூக்கிட்டு வாம்மா. தேர்வு நடக்கிற இடத்துக்கு. இப்பவே. ஏன்னு கேக்காதே, வா!"

நில்சா நீட்டிய தாள் நீட்டியபடியே இருந்தது. பிறகு அதை அவளே மடித்தாள்.

பக்கத்து அறையில் ஒரு மேசையைக் காலிசெய்து போர்வை விரித்தார்கள். ஒட்டோனியெல் வாசலில் நின்று கூட்டத்தை விலக்கினார். "ஜெயிச்சுட்டோம்மா!" என்று வாய்வரை வந்ததை நில்சாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

தாயிஸ் வந்தாள். பிரசவக் களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது. கலைந்த தலை, ஒரு காலில் வேறு செருப்பு. அத்தையைப் பார்த்ததும் ஏதோ கேட்க வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, குழந்தையை மேசைமேல் கிடத்தினாள்.

நில்சா மெஷினைப் பொருத்தினாள். கேபிளைச் செருகி, வரிசையில் பதினாறு இருக்கிறதா என்று பார்த்தாள். டாக்டர் கருவியின் முனையைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, குழந்தையின் மார்பில் வைத்தார். திரையில் ஒரு சின்ன இதயம் படபடவென்று அடித்தது. குழந்தை சிணுங்கியது. மூக்கு நில்சாவின் மூக்கேதான்.

டாக்டர் பார்த்தார். வேறு பக்கம் வைத்துப் பார்த்தார். படத்தை நிறுத்திப் பொத்தானை அழுத்த ஆரம்பித்தார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இதயம் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. ஒரே இடத்துக்கு ஐந்தாறு முறை திரும்பத் திரும்பப் போனார்.

"பால் குடிக்கும்போது வேர்க்குதா?"

"ஆமா டாக்டர்," என்றாள் தாயிஸ். "வெயில்னு நெனைச்சேன்."

"இங்க பாரும்மா. இந்த வால்வு விரிஞ்சு திறக்கணும். ரெண்டு இதழ் ஒட்டிக்கிட்டிருக்கு. ரத்தம் ஒரு சின்னச் சந்து வழியாத்தான் போகுது. பெலோ ஒரிசோன்ச்சி பெரிய ஆஸ்பத்திரியில என்கூடப் படிச்சவர் இருக்கார், பலூன் விட்டு விரிப்பார். ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். இன்னிக்கே போகணும்."

"பிழைச்சுடுவாளா?" கேட்டது எவரால்டோ. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் குரலே இல்லை அது.

"நேரத்துல பார்த்தாச்சு. இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டிருந்தா, நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

டாக்டர் போன் பேச வெளியே போனார். கிளெய்டி குழந்தையின் மார்பைத் துடைத்துப் போர்வையைச் சுற்றினாள். எவரால்டோ மகளை நோக்கி ஓர் அடி வைத்தான். "தாயிஸ், எனக்கு..."

"நீங்க பேசாதீங்கப்பா."

தாயிஸ் குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நில்சாவிடம் வந்தாள். இன்னொரு கையால் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை, நீங்க மட்டும் இன்னிக்கு இதைக் கண்டுபிடிக்காம இருந்திருந்தா... என்னால நெனைச்சுக்கூடப் பார்க்க முடியலை அத்தை."

நில்சா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். குழந்தையின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இங்கிருக்கிற யாருக்கும் அது பொய் என்று தெரியாது. நர்ஸ் எவுனீசிக்குக்கூடத் தெரியாது.

"இன்னிக்குக் கண்டுபிடிக்கலைம்மா," என்றாள்.

தாயிஸ் முகத்தை நிமிர்த்தினாள்.

"உங்கப்பன் மெஷின் பொய் சொல்லுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். எல்லார் முன்னாலயும் சொல்லணும்னு வெச்சிருந்தேன். குழந்தைங்களை இன்னும் பார்க்க ஆரம்பிக்கலைன்னு சொன்னாங்க, நம்பிட்டேன். இவளை அதுல பார்த்தது எனக்குத் தெரியாது, தாயிஸ். சத்தியமாத் தெரியாது."

"எத்தனை நாளாத் தெரியும்?"

வெளியே டாக்டர் யாருக்கோ குழந்தையின் எடையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒன்பது நாளா."

தாயிஸின் கை மெல்ல நில்சாவின் தோளிலிருந்து இறங்கியது. குழந்தையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள்.

"என் பொண்ணுக்கு இன்னிக்கு ஆறு நாள்தான் அத்தை."